பாட்டும் படமும்

பாட்டு செவிக்கு உரியது. படம் கண்ணுக்கு உரியது. இவ்விரண்டனையும் இணைத்து, ஒரு பாட்டின் நீளத்தையே தன் நீளமாகக் கொண்டு எடுக்கப்பெறும் சிறு படத்தை இசைக்காணொளி என்பர். நாடகத்தில் கதை முன்னே நிற்கும். பாட்டு இடையிடையே வந்து போகும். இசைக்காணொளியிலோ பாட்டே தலைமை பூணும்; காட்சிகள் யாவும் அதற்கு ஏவல் செய்யும். முன்னாளிற் பெரும்பொருள் உடையார்க்கன்றிப் பிறர்க்கு இயலாதிருந்த இத்தொழில், கைப்பேசியிலேயே காமிரா அமைந்துவிட்டமையால், இன்று பள்ளி மாணவர்க்கும் எட்டுவதாயிற்று. எட்டுவது வேறு, கைவருவது வேறு. இதனைத் திட்டமிடுமாறும், படம் பிடிக்குமாறும், தொகுக்குமாறும் ஈண்டுக் காண்போம்.

இசையையும் அசையும் படத்தையும் இணைக்கவேண்டும் என்னும் வேட்கை திரைப்படம் தோன்றிய காலத்திலேயே தோன்றிவிட்டது. அமெரிக்க நாட்டில் எடிசனது ஆய்வுக்கூடத்திற் பணியாற்றிய வில்லியம் டிக்சன் என்பார், 1894ஆம் ஆண்டின் இறுதியிலோ 1895ஆம் ஆண்டின் தொடக்கத்திலோ ஒரு சோதனை செய்தார். ஒலியை வாங்கும் பெரிய கூம்புக் குழலின் முன்னே நின்று அவர் வயலின் வாசித்தார். அருகே இருவர் அவ்விசைக்கேற்ப ஆடினர். படம் ஒரு கருவியிலும் ஒலி மற்றொரு கருவியிலுமாகத் தனித்தனியே பதிவாயின. பின்னர்ப் படச்சுருள் ஓரிடத்தும், ஒலி பதிந்த உருளை உடைந்த நிலையில் வேறோரிடத்தும் கிடந்தன. நூறாண்டு கழிந்த பின்னரே, 2000ஆம் ஆண்டையொட்டி, வால்ட்டர் மர்ச் என்னும் புகழ்பெற்ற படத்தொகுப்பாளர் இவ்விரண்டனையும் ஒருங்கே ஓடுமாறு பொருத்தினார். கண்ணும் செவியும் ஒரே கணத்தில் ஒரே செய்தியைப் பெறச் செய்வது எத்துணை அரிது என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டில் 1931ஆம் ஆண்டு வெளிவந்த ‘காளிதாஸ்’ தொடங்கி, முதற் பேசும் படங்களில் நடிப்போர் தாமே பாடவும் வேண்டியிருந்தது. காமிரா ஓடும்போதே பாட்டும் பதிவாகும். பக்கவாத்தியக்காரர் படத்தில் விழாதவாறு மறைவில் அமர்ந்து வாசிப்பர். குரல் வளம் இல்லாதவர்க்கு நடிப்பிலும் இடமில்லை. பாட்டை முன்னரே பதிந்து வைத்துக்கொண்டு, அதனை ஒலிக்கச் செய்து, நடிப்போர் வாயசைக்கப் படம் பிடிக்கும் பின்னணி முறை 1935இல் கல்கத்தாவில் நிதின் போஸ் இயக்கிய படத்தில் வந்தது. தமிழில் 1938இல் வெளியான ‘நந்தகுமார்’ படத்தில் வந்தது. இன்றைய இசைக்காணொளிகளுட் பெரும்பாலன இம்முறையின் வழிவந்தனவே.

பொதுப்படக் கூறுவதினும் ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குதல் நன்று. காவிரிப் பாசனப் பகுதியிலுள்ள ஒரு பள்ளியின் மாணவர் சிலர், தம் ஊர்ப் பெண்டிர் பாடும் நடவுப் பாட்டு ஒன்றைப் படமாக்க விரும்புகின்றனர் என்று கொள்வோம். சேற்றில் நின்று நாற்று நடும் பெண்டிர், குனிந்த முதுகின் வலி தோன்றாதிருக்கவும், கைகள் ஒத்து இயங்கவும் பாடுவது நடவுப் பாட்டு. ஒருத்தி முதலடி எடுக்க, மற்றையோர் அதனை வாங்கிப் பாடுவர். இடையே குலவையும் எழும். நடவு எந்திரமும் நேரடி விதைப்பும் பரவிய ஊர்களில் இப்பாட்டிற்கு இடமே இல்லாது போயிற்று. ஏட்டில் எழுதப்பெறாது வாய்வழியே வந்த பாட்டு, பாடுவார் மறைந்தால் தானும் மறையும். ஆதலின், இம்மாணவர் எடுக்கும் நான்கு நிமிடப் படம் விளையாட்டாகத் தொடங்கப்பெறினும் விளையாட்டன்று.

இவர்கள் முதலிற் கையில் எடுக்கவேண்டுவது காமிரா அன்று, தாளும் எழுதுகோலுமே. பாட்டு அறிந்த முதியவளிடம் சென்று, ‘ஆத்தா, ஒருமுறை பாடிக் காட்டுங்கள்’ என்று கேட்டுக்கொண்டு, வீட்டுத் திண்ணையிலேயே ஒலிப்பதிவு செய்துகொள்ளல் வேண்டும். பின்னர் அதனைப் பலமுறை கேட்டு, அடி அடியாக எழுதல் வேண்டும். எழுதுங்கால் பாடினவாறே எழுதுக. பேச்சு வழக்குச் சொற்களை இலக்கண வழக்காகத் திருத்தி எழுதும் ஆசை கற்றவர்க்கு உண்டு. அவ்வாசையை ஈண்டு அடக்குதல் வேண்டும். வரப்பிலே பிறந்த சொல்லுக்கு வகுப்பறைச் சட்டை மாட்டினால், பாட்டின் சந்தமும் கெடும்; பாடியவளும் அதனைத் தன் பாட்டென்று அடையாளம் காணமாட்டாள்.

எழுதிய அடிகளுக்கு நேரே, அவ்வடி எந்த விநாடியில் தொடங்கி எந்த விநாடியில் முடிகின்றது, அப்பொழுது எக்காட்சி தோன்றவேண்டும், அஃது எவ்விடத்தில் எடுக்கப்பெறும், அதில் யார் யார் இருப்பர் என்பனவற்றைக் குறிக்கவேண்டும். இத்தாளே படத்தின் கருப்பம். இதனை எழுதாது களத்தில் இறங்குவோர்க்கு நேரும் இடர் யாதென்று ஒரு சிறு கணக்கால் அறியலாம். பாட்டின் நீளம் 4 நிமிடம். அஃதாவது 240 விநாடி. ஒரு காட்சித்துண்டு சராசரியாக 4 விநாடி நிற்கும் எனின், 60 காட்சித்துண்டுகள் வேண்டும். ஒவ்வொன்றிற்கும் இடம் பார்த்து, காமிரா நிறுத்தி, எடுத்து முடிக்கப் பத்து நிமிடம் ஆகும் எனின், 600 நிமிடம். பத்து மணி நேரம். காலைப் பொழுதின் இனிய வெயிலோ இரண்டு மணி நேரத்திற்கு மேல் நில்லாது. ஆதலின் காட்சிகளின் தொகையைக் குறைத்து, நின்று காணத்தக்க சிலவற்றை நீள எடுப்பதே அறிவுடைமை. நாற்று முடியை அவிழ்க்கும் கை ஒன்றையே இருபது விநாடி காட்டினாலும் காண்போர்க்குச் சலிப்புத் தோன்றாது. கையில் அத்துணைத் தொழில் நிகழ்கின்றது.

என்ன காட்சிகளைக் காட்டுவது என்னும் வினாவிற்கு நம் இலக்கணம் ஒரு விடை வைத்திருக்கின்றது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து உயிர்களும் தொழிலும் கருவியும் கருப்பொருள். மாந்தர் உணர்வு உரிப்பொருள். புலவர் முதலையும் கருவையும் காட்டி உரியை உணர்த்துவர். காமிராவும் அதனையே செய்யவல்லது. துயரம் என்னும் சொல்லைப் படம் பிடிக்க இயலாது. வரப்பின்மேல் ஆறிக் கிடக்கும் கஞ்சித் தூக்கைப் படம் பிடிக்க இயலும். வயல் சார்ந்த மருதத்திற்கு உரிய சிறுபொழுது வைகறையும் விடியலும் என்பதும் நினைக்கத்தக்கது. ஒளிப்பதிவாளரும் வயலை எடுக்க அப்பொழுதையே விரும்புவர். உச்சி வெயிலில் நிழல் காலடியில் ஒடுங்கி, கண்குழிகள் இருண்டு, முகம் பொலிவிழக்கும். சாய்ந்த காலை வெயிலில் ஒவ்வொரு நாற்றும் தனித்தனியே நிழல் வீழ்த்தி நிற்கும்.

இனி, நடவைப் படமாக்குவதில் உள்ள பெரிய தடை ஒன்றைக் கூறவேண்டும். நாடகக் காட்சி தவறினால், ‘இன்னும் ஒருமுறை’ என்று கேட்கலாம். நட்ட வயலைப் பிடுங்கி மீண்டும் நடச் சொல்ல இயலுமா? காலையில் வெறுஞ்சேறாக இருந்த வயல் முற்பகலிலேயே பசுமை பூண்டுவிடும். அதற்குப்பின் வெறுஞ்சேற்றுக் காட்சி வேண்டுமெனின் அடுத்த வயலைத் தேடவேண்டியதுதான். பாட்டின் வரிசைப்படி எடுப்பதும் இங்கே பயன்படாது. பாட்டின் இறுதியடியில் நாற்று முடிகள் வரப்பிற் குவிந்திருக்கும் காட்சி வருமாயினும், அது காலையிலேயே எடுக்கப்பெறல் வேண்டும்; நண்பகலில் அக்குவியல் இராது. ஆகவே வயலின் நிலையே படப்பிடிப்பின் வரிசையை வகுக்கும். எழுதிய தாளை வெட்டி, அடிகளைப் பொழுதின் முறைப்படி மாற்றி அடுக்கி, மற்றொரு தாளில் எழுதிக்கொள்ளுதல் நலம்.

வேறொன்றும் உண்டு. அப்பெண்டிர் நடிகையர் அல்லர்; கூலிக்கு உழைப்போர். மாணவர்க்காக அவர்கள் கால்மணி நேரம் கைகட்டி நின்றால் அக்காலத்தின் இழப்பு யாரைச் சாரும்? நிலத்துக்கு உடையவரிடம் மட்டுமன்று, நடுவோர் ஒவ்வொருவரிடமும் முன்னாளே சென்று இசைவு கேட்டல் வேண்டும். முகம் தெரிய வேண்டா என்று சொல்வாரும் இருப்பர். அவரைக் கைகளளவில் எடுக்கலாம், தொலைவில் எடுக்கலாம், எடுக்காதும் விடலாம். வேலையை நிறுத்தச் சொல்லாமல், வேலை போகும் வழியே காமிரா போகுமாறு அமைத்துக்கொள்வதே முறை. வாயசைத்துப் பாடும் காட்சி தேவைப்படின், வேலை முடிந்து கரையேறிய பின், இசைந்தாரை மட்டும் அழைத்து, தனியே எடுத்துக்கொள்ளலாம். அவ்வுழைப்பிற்கும் உரியதைக் கொடுத்தல் வேண்டும்.

ஒலியைப் பற்றிச் சிறிது கூறுவோம். திண்ணையிற் பதிந்த பாட்டைப் படத்திற்கு அடிப்படையாகக் கொள்வதா, வயலிலேயே பாடப்பெறும் பாட்டைப் பதிவதா? முன்னது தெளிவுடையது, பின்னது உயிருடையது. காற்றொலியும் சேற்றின் சலசலப்பும் குலவையும் திண்ணையிற் கிடைக்கமாட்டா. எனினும் வயலிற் பாடுவோர் ஒருமுறை பாடியதுபோல் மறுமுறை பாடார். வேகம் மாறும், அடி கூடும், குறையும். வாயசைப்பிற்கு முன்பதிவும், எஞ்சிய இடங்களில் வயலொலியுமாக இரண்டனையும் கலந்து கொள்வது என் கருத்துக்கு உகந்தது.

முன்பதிவை ஒலிக்கச் செய்து வாயசைக்க வைக்குங்கால், ஒலிபெருக்கியைப் பாடுவோரின் அருகிலேயே வைத்தல் வேண்டும். ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரே செல்லும். ஒலிபெருக்கி 34 மீட்டர் தொலைவில் வரப்போரத்தில் இருக்குமாயின், பாட்டு பாடுவோர் செவியை அடையப் பத்தில் ஒரு விநாடி ஆகும். விநாடிக்கு 25 படச்சட்டகங்கள் ஓடும் காணொளியில் அஃது இரண்டரைச் சட்டகம். அவ்வளவு பிந்தினால் இதழ் ஒரு பக்கமும் இசை ஒரு பக்கமுமாக நிற்பதை நுட்பமாகக் காண்போர் உணர்ந்துவிடுவர். தொலைவில் நிற்கும் காமிராவிலேயே வயற்பாட்டைப் பதிவோர்க்கும் இதே தவறு நேரும். பதிவுக் கருவி பாடுவோர் அருகில் இருக்கட்டும். காமிரா எங்கேனும் இருக்கட்டும். இரண்டும் ஓடத் தொடங்கியவுடன் காமிராவின் முன் ஒருவர் உரக்க ஒருமுறை கைதட்டினால் போதும். கை சேரும் சட்டகத்தையும், தட்டொலி எழும் கணத்தையும் பின்னர் ஒன்றாக வைத்து இரண்டு பதிவையும் இணைத்துவிடலாம். பெரிய படநிலையங்களிற் சட்டப்பலகையை அடிப்பதும் இதன்பொருட்டே.

நீர் நிறைந்த வயல் ஒரு பெருங் கண்ணாடி. வானத்து ஒளி மேலிருந்தும் விழும். நீரிற் பட்டுக் கீழிருந்தும் எழும். காமிரா தானாக ஒளியளவைக் கணிக்குமாயின், அவ்வெளிச்சத்தைக் கண்டு அஞ்சிப் படம் முழுவதையும் மங்கச் செய்யும். அதனால் உழைக்கும் பெண்டிரின் முகங்கள் கரிய நிழலுருவங்களாய் மறையும். ஆதலின் முகத்தை நோக்கி ஒளியளவைக் குறித்துக்கொண்டு, அவ்வளவை மாறாதவாறு பூட்டிவிடல் வேண்டும். கைப்பேசியிலும் இதற்கு வழியுண்டு. திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கருவிகள் பூட்டிக்கொள்ளும். வானம் வெளுத்துப் போனால் போகட்டும். நாம் எடுக்கவந்தது வானத்தை அன்று.

நடுவோர் பின்னோக்கி நடப்பர் என்பதை நகரத்து மாணவர் அறியார். நட்ட நாற்றை மிதியாதிருக்க, அவர்கள் நட்டுக்கொண்டே பின்வாங்குவர். ஆதலின் அவர்களுக்குப் பின்னே காமிராவை நிறுத்தினால் சிறிது நேரத்தில் அது வேலைக்குத் தடையாகும். முன்னே, வரப்பின்மேல் நிறுத்தினால், முகங்கள் மெல்ல மெல்ல அகன்று செல்லச் செல்ல, காமிராவிற்கும் அவர்களுக்கும் இடையே பசுமை வரிசை வரிசையாக வளர்ந்துகொண்டே வரும். காமிராவை அசைக்கவே வேண்டா. முக்காலித் தாங்கியில் ஊன்றி வைத்துவிட்டால் போதும். இத்தகைய காட்சியைப் பாட்டு முழுவதும் ஓடும் நேரத்திற்கு ஒருமுறையேனும் இடையறாது எடுத்து வைத்தல் வேண்டும். பிற காட்சிகள் பிழைத்தால் இதுவே கைகொடுக்கும்.

சேய்மைக் காட்சி இடத்தைக் காட்டும். இடைக்காட்சி தொழிலைக் காட்டும். அண்மைக் காட்சி உணர்வைக் காட்டும். மூன்றும் வேண்டும். இளைஞர் பலர் அண்மைக் காட்சியை மறந்து, தொலைவில் நின்றே எடுத்து முடிப்பர். அருகிற் செல்லக் கூச்சம். முன்னாளே சென்று பேசிப் பழகியோர்க்கு அக்கூச்சம் இராது. ஒவ்வொரு காட்சித்துண்டிலும் வேண்டிய செயலுக்கு முன்னும் பின்னும் ஐந்து விநாடி மிகையாக ஓடவிடுக. தொகுக்கும்போது அம்மிகையின் அருமை தெரியும். மாலையில் வீடு திரும்பியதும், எடுத்தவற்றை வெவ்வேறு இரண்டு இடங்களிற் படியெடுத்து வைத்துவிட்டே உறங்குதல் வேண்டும்.

படத்தொகுப்பில் முதற்பணி வாயசைப்பைப் பொருத்துதல். இங்கே எழுத்துக்களின் பிறப்பிலக்கணம் கைகொடுக்கின்றது என்றால் மாணவர் வியப்பர். தொல்காப்பியர் பிறப்பியலிற் கூறியவற்றை நினைவுகூர்க. பகரமும் மகரமும் இரண்டு இதழும் சேர்தலாற் பிறப்பன. வகரம் பல்லும் இதழும் பொருந்துதலாற் பிறப்பது. உகர ஊகாரங்களும் ஒகர ஓகார ஔகாரங்களும் இதழ் குவிதலாற் பிறப்பன. ககரமோ நாவின் அடியில், வாய்க்குள்ளே பிறப்பது; அதனைக் கண்ணாற் காண இயலாது. ஆகவே வாயசைப்புப் பொருந்தியுள்ளதா என்று ஆராய்வோர், ககரம் வரும் சொல்லை நோக்கிப் பயனில்லை. பகர மகரம் வரும் சொல்லையே நோக்கவேண்டும். ‘அம்மா’ என்னும் சொல்லில் மகரம் இரட்டிக்கின்றது. இதழ்கள் மூடியிருக்கும் நேரமும் சிறிது நீளும். அம்மூடலும் அவ்வொலியும் ஒரே சட்டகத்தில் நிற்குமாயின் அவ்வடி முழுவதும் பொருந்தும். ஒரு சட்டகம் முன்னே தள்ளியும் பின்னே தள்ளியும் பார்த்து, எது பொருந்துகின்றது என்று காண்க. வாய் திறந்திருக்க மகரம் ஒலிப்பதைக் காட்டிலும் நகைப்பிற்கிடமானது வேறில்லை. நீண்ட பாட்டில் தொடக்கம் பொருந்தி முடிவு பொருந்தாதிருப்பின், இரு கருவிகளும் ஒரே எண்ணிக்கையிற் சட்டகங்களைப் பதியவில்லை என்று அறிக. படப்பிடிப்பிற்கு முன்னரே எல்லாக் கைப்பேசிகளிலும் அவ்வெண்ணை ஒன்றாக வைத்துக்கொண்டால் இத்தொல்லை பெரும்பாலும் நேராது.

உச்சரிப்பும் அண்மைக் காட்சியில் வெளிப்பட்டுவிடும். வயற்பெண்டிரிடம் ழகரம் எவ்வாறு ஒலித்தாலும் அஃது அவர் ஊர் வழக்கு; குறை கூறுதற்கில்லை. தாமே பாட்டியற்றிப் பாடும் மாணவர்க்கு அவ்விலக்கு இல்லை. வாழை வாளையாகுமாயின் மரம் மீனாகிவிடும்.

அடுத்தது, எங்கே வெட்டுவது என்பது. தாளத்தின் ஒவ்வொரு தட்டிற்கும் ஒரு வெட்டு என்று சிலர் கொள்வர். பாட்டு நிமிடத்திற்கு 75 தட்டு எனக் கொண்டால், ஒரு தட்டிற்கு 0.8 விநாடி, 25 சட்டகக் கணக்கில் 20 சட்டகம். இருபது சட்டகத்திற்கு ஒருமுறை காட்சி மாறுமாயின் கண் எதனையும் பற்றிக்கொள்ள இயலாது தவிக்கும். விளம்பரப் படங்களுக்கு அஃது ஒக்கலாம். நடவுப் பாட்டிற்கு ஒவ்வாது. மேலும், வாயாற் பாடும் பாட்டு கடிகாரம்போல் ஓடாது. கணக்கிட்டு வைத்த இடத்தில் தட்டு வாராது. செவியாற் கேட்டுக் குறிப்பதே தக்கது. நடவுப் பாட்டில் இயல்பான வெட்டிடம் ஒன்று அமைந்தே கிடக்கின்றது. முதலடி எடுப்பவள் முடித்து மூச்சு வாங்கும் கணத்தில் மற்றையோர் தொடங்குவர். அங்கே ஒருத்தியின் முகத்திலிருந்து குழுவிற்கு மாறலாம். கை நாற்றை ஊன்றக் குனியும் செயலின் நடுவே வெட்டி, சேய்மைக் காட்சியில் அதே குனிதலைத் தொடர்ந்தால், வெட்டு இருப்பதே தெரியாது. செயலின் ஓட்டத்தில் கண் வெட்டைக் கவனிப்பதில்லை. இதற்கு இரண்டு காட்சியிலும் புடவையும் சேற்றுக்கறையும் நட்ட வரிசையும் ஒத்திருத்தல் வேண்டும். முன்னர்க் கூறிய பொழுது வரிசை ஈண்டும் உதவும்.

மேலே குறித்த மர்ச், 1995இல் வெளிவந்த தம் நூலில், ஒரு வெட்டின் தகுதியை நூறு பங்காக வைத்து, உணர்ச்சிக்கு 51 பங்கும், கதைக்கு 23 பங்கும், தாளத்திற்கு 10 பங்கும் அளித்துள்ளார். எஞ்சியவை பார்வை செல்லும் இடம் முதலியவற்றிற்கு உரியன. பிற எல்லாவற்றையும் கூட்டினாலும் உணர்ச்சி ஒன்றே மிகுதி என்பது அவர் கருத்து. இசைக்காணொளியில் தாளத்திற்குச் சில பங்கு கூட்டலாம் என்று எனக்குத் தோன்றுகின்றது; ஆயினும் முதலிடத்தை மாற்றுதற்கில்லை.

உணர்ச்சிக்கு முதலிடம் தருங்கால் ஓர் எச்சரிக்கை வேண்டும். உருசிய நாட்டுக் குலெஷோவ் என்பார், 1920ஆம் ஆண்டையொட்டி, நடிகர் ஒருவரது மாறுதலற்ற முகக்காட்சியை வெவ்வேறு காட்சிகளோடு மாறி மாறி இணைத்துக் காட்டினார். உணவுக் கிண்ணத்தை அடுத்து வந்தபோது அம்முகத்திற் பசியும், சவப்பெட்டியை அடுத்து வந்தபோது துயரமும் தோன்றுவதாகக் காண்போர் கொண்டனர். முகம் ஒன்றே, அடுத்துவரும் காட்சியே அதற்குப் பொருள் தந்தது. சொல்லும் தன்னை அடுத்துவரும் சொல்லாற் பொருள் வேறுபடுவதை நாம் அறிவோம். படத்திற்கும் அவ்வியல்பு உண்டு.

இவ்வாற்றல் மாணவர் கையிலும் இருக்கின்றது. நடுவோருள் ஒருத்தி முந்தானையால் முகத்து வியர்வையைத் துடைக்கின்றாள். அக்காட்சியைப் பாட்டிற் பிரிவுத் துயரம் கூறும் அடியோடு வைத்தால், அவள் கண்ணீர் துடைப்பதாகவே உலகம் கொள்ளும். அவளோ அழவில்லை, அடுத்த நாற்று முடிக்கு ஆயத்தமாகின்றாள். நடிகை ஒருத்தி அழுவதாகக் காட்டுவது கலை. ஊரறிந்த ஒருத்தியை அவள் அறியாமல் அழுதவளாக்குவது வேறு. நாளை கடைத்தெருவில், ‘என்னம்மா துயரம்?’ என்று கேட்போர்க்கு அவள் விடை சொல்ல நேரும். அக்காட்சியைக் கையின் உழைப்பைப் பாடும் அடியோடு வைத்தால் என்ன குறைந்துவிடும்? சிறிது அழகு குறையலாம். குறையட்டும். தொகுத்து முடித்த படத்தை வெளியிடுவதற்கு முன், அப்பெண்டிரை அழைத்து முழுவதும் காட்டுதல் வேண்டும். அவர்கள் சிரிக்கும் இடமும், முகம் சுளிக்கும் இடமும் எந்த ஆசிரியர் தரும் மதிப்பெண்ணினும் மேலானவை. ஒருத்தி, ‘இது வேண்டாம் தம்பி, எடுத்துவிடு’ என்பாளாயின், காரணம் கேளாது எடுத்துவிடுக.

பாட்டின் உரிமை பற்றியும் அறிந்திருத்தல் வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாடலின் உரிமை அதனை இயற்றியவர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின்னர் 60 ஆண்டுகளும் நிலைக்கும். திரைப்படப் பாடலைத் தம் விருப்பம்போல் எடுத்தாள்வது ஆகாது. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இல் அரசு பெற்று, பின்னர் மக்கட்குப் பொதுவாக்கியது. எனினும் அப்பாடலுக்கு இக்காலத்தார் ஒருவர் அமைத்த மெட்டும், அதன் ஒலிப்பதிவும் தனி உரிமை உடையன. ஆசிரியர் பெயர் தெரியாத நடவுப் பாட்டை யாரும் எடுக்கலாமே என்பர். சட்டம் தடுக்காது போகலாம். ஆனால் பாடியவளின் குரல் அவளுடையது.

ஆதலின் பெயர்ப்பட்டியலில் முதலில் வரவேண்டுவன பாடியோர் பெயர்களே; இயக்கியவர் பெயர் பின்னர் வரலாம். பெயர்களை அவர்கள் வாயாற் சொல்லக் கேட்டு எழுதி, படித்துக் காட்டிச் சரிபார்த்தல் வேண்டும். தலைப்பை ‘நடவு பாட்டு’ என்று ஒற்றின்றி எழுதாது, ‘நடவுப் பாட்டு’ என்று எழுதுக. ஓடி மறையும் படத்தில் ஓர் ஒற்றை யார் காண்பார் என்னலாம். நூறுமுறை ஓட்டப்பெறும் படத்தில் அது நூறுமுறை விடுபட்டுத் தோன்றும். எழுத்துக்கள் திரையில் நிற்கும் நேரம், ஒருவர் விரைவின்றி ஒருமுறை வாய்விட்டுப் படித்து முடிக்கும் அளவினதாதல் வேண்டும்.

படம் முடிந்ததும் பெரும்பாலார் எஞ்சிய துண்டுகளை அழித்துவிடுவர். கருவியில் இடம் வேண்டும் என்பது காரணம். நடவுப் பாட்டைப் பொறுத்தவரை அவ்வாறு செய்தல் தகாது. நான்கு நிமிடப் படத்தில் அடங்காது விடப்பட்ட அடிகள் பல இருக்கும். திண்ணையிற் பதிந்த பாட்டு முழுவதையும், எழுதிய தாளையும், வெட்டாத வயற்காட்சிகளையும், பாடியவர் பெயர், ஊர், நாள், எப்பருவத்து நடவு என்னும் குறிப்புக்களுடன் பள்ளி நூலகத்தில் ஒரு படி வைத்துவிட்டு, மற்றொரு படியைப் பாடியவள் வீட்டிற் கொடுத்துவிடல் வேண்டும்.